ஸ்கி தூக்கினால் முதலில் ஸ்ட்ராப்பைத் தொடாதீர்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நண்பர் கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கிறார். பழைய ஸ்கி-டூ (பனியில் ஓடும் ஸ்னோமொபைல்) ஒன்று வாங்கியிருக்கிறார்: 600 சிசி, 137 அங்குல ட்ராக் (பின்னால் சுற்றி ஓடி வண்டியைத் தள்ளும் பட்டை), திருப்புவதற்கு முன்னால் இரண்டு ஸ்கி. குளிர் உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து அவர் எடை 105 கிலோ. த்ராட்டிலை அழுத்தினால் முன்பக்கம் எழும்புகிறது. வளைவில் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. "லிமிட்டர் ஸ்ட்ராப்பை (சஸ்பென்ஷனின் முன்பகுதி எவ்வளவு விரியலாம் என்று கட்டுப்படுத்தும் நாடா) ஒரு ஓட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள், செய்யலாமா?" என்று கேட்கிறார். இனி அவரிடமே பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யலாம், ஸ்கி கீழே வரவும் செய்யும். ஆனால் 105 கிலோ ஆள், பழைய வண்டி, முன்பக்கம் லேசு என்று கேட்டவுடன் எனக்குச் சந்தேகம் வருவது பின் ஸ்பிரிங் மேல்தான். உட்கார்ந்தவுடனேயே வண்டியின் பின்பக்கம் அமுங்கிப் போயிருக்கும். அதைச் சரி செய்யாமல் ஸ்ட்ராப்பை இறுக்கினால், பின்பக்கம் அமுங்கியது அமுங்கியபடியே இருக்க, முன்பக்கத்தையும் கீழே கட்டி வைத்தது போலாகும். ஸ்கி பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் முதுகு பதில் சொல்லும். ஆகவே பின் ஸ்பிரிங், பிறகு நடு ஸ்பிரிங், கடைசியில் ஸ்ட்ராப் என்பதுதான் என் வரிசை. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் எந்த வண்டியிலும் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

ட்ராக்குக்கு உள்ளே இருக்கும் முழு அமைப்பையும் ஸ்கிட் என்பார்கள். கீழே இரண்டு நீளமான அலுமினிய ரெயில்கள். அவற்றின் அடியில் ஹைஃபாக்ஸ் எனப்படும் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை. இந்த ரெயில்களை வண்டியின் உடம்போடு இணைப்பவை இரண்டு கைகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்கையோடு சேர்ந்து வேலை செய்வது சென்டர் ஷாக்கும் (துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) அதன் ஸ்பிரிங்கும், அதாவது நடு ஸ்பிரிங். பின்கையோடு பின் ஷாக்கும், பெரும்பாலான டிரெயில் வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டார்ஷன் ஸ்பிரிங்கும் (முறுக்கினால் எதிர்க்கும் சுருள்) இருக்கும், பின் ஸ்பிரிங் என்று நான் சொல்வது இதைத்தான். முன்கை எவ்வளவு தூரம் கீழே விரியலாம் என்று கட்டுப்படுத்தும் நாடாதான் லிமிட்டர் ஸ்ட்ராப். ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே 1959-இல் கியூபெக்கின் வால்கூர் ஊரிலிருந்து முதல் ஸ்கி-டூவை விற்பனைக்கு விட்டபோது இதெல்லாம் கிடையாது. போகி எனப்படும் சிறு சக்கரங்களின் மேல் ட்ராக் ஓடியது, முறுக்கிச் சரி செய்ய ஒன்றுமில்லை. ரெயில் வந்த பிறகுதான் இந்தத் தலைவலியும் வந்தது, சொகுசும் வந்தது.

இப்போது முக்கியமான விஷயம். வண்டி முடுக்கும்போது பாரம் முன்னிருந்து பின்னுக்குப் போகிறது. அப்படி வண்டியைப் பின்னுக்குச் சாய்க்கும் முறுக்குவிசை எவ்வளவு என்பதை மொத்த எடை, அந்த எடையின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக முடுக்குகிறீர்கள் என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. எந்த ஸ்பிரிங்கைத் திருகினாலும் அந்த முறுக்குவிசை மாறாது. உங்களால் மாற்ற முடிந்தது வேறொன்று: ட்ராக் தாங்கும் பாரம் ட்ராக்கின் எந்த இடத்தில் குவிகிறது என்பது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவில் ஆடுகாலைக் கொஞ்சம் தள்ளி நட்டால் அதே துலா, அதே கல், ஆனால் வாளி தூக்கும் கனம் மாறிவிடும் அல்லவா, அதே கணக்குத்தான் இது.

எண்களோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான், உங்கள் வண்டியை அளந்தவை அல்ல. பெட்ரோலோடு வண்டி 230 கிலோ, நீங்கள் 105, மொத்தம் 335. எடையின் மையம் ஸ்கியிலிருந்து 1.15 மீட்டர் பின்னால், தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில். ட்ராக்கின் பாரம் ஸ்கியிலிருந்து 1.6 மீட்டர் பின்னால் குவிகிறது என்றால், நிற்கும் நிலையில் இரண்டு ஸ்கியும் சேர்ந்து சுமார் 94 கிலோ தாங்கும். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு முடுக்கினால் அது 31 கிலோவாகக் குறையும். சரி, இப்போது ட்ராக்கின் பாரம் குவியும் இடம் வெறும் 15 சென்டிமீட்டர் முன்னால் வந்து 1.45 மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். அதே முடுக்கத்தில் ஸ்கியின் மேல் பூஜ்யம்! ஸ்கி பனியைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் பிடிக்காது. மாறாக 15 சென்டிமீட்டர் பின்னால் போய் 1.75 மீட்டரில் நின்றால் 57 கிலோ கிடைக்கும். எஞ்சினும் ஆளும் பனியும் அதேதான், ஒரு சாண் கூட இல்லாத நகர்வுதான் ஸ்கி பிடிப்பதையும் பிடிக்காததையும் பிரிக்கிறது.

அந்த இடத்தை நகர்த்துபவை நடு ஸ்பிரிங்குக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் இடையே உள்ள பலப்பரீட்சையும், அதற்கு எல்லை போடும் ஸ்ட்ராப்பும்தான். பின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அது தாங்காத பாரத்தை முன்கை தாங்க வேண்டியிருக்கும். குவியும் இடம் முன்னால் வரும், ஸ்கி லேசாகும். நடு ஸ்பிரிங் கெட்டியாக இருந்தாலும் அதே விளைவுதான். பின் ஸ்பிரிங்கை இறுக்கினாலோ நடு ஸ்பிரிங்கைத் தளர்த்தினாலோ குவியும் இடம் பின்னால் போகும், ஸ்கி கனக்கும். பலரும் குழம்புவது இங்கேதான். ஸ்கி தூக்குகிறது என்றால் பின்பக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்று தோன்றும், செய்ய வேண்டியது நேரெதிர். நடு ஸ்பிரிங் முன்பக்கமாக இருப்பதால் அதை இறுக்கினால் ஸ்கிக்குப் பலம் வரும் என்றும் தோன்றும். அதுவும் நேரெதிர்தான். நடு ஸ்பிரிங்கை இறுக்க இறுக்க ஹேண்டில் லேசாகும்.

இதற்கு மேல் இன்னொரு விசையும் உண்டு. ட்ராக் ஸ்கிட்டை முன்னோக்கித் தள்ளுகிறது, ஸ்கிட் அந்தத் தள்ளலைக் கைகள் வழியாகத்தான் வண்டியின் உடம்புக்குக் கொடுக்கிறது. முன்கை செங்குத்தாகச் சாய்ந்து நின்றால் அந்தத் தள்ளலில் ஒரு பங்கு மேல்நோக்கிப் போய் முன்பக்கத்தைத் தூக்கும். கை தரைக்கு இணையாகப் படுக்கப் படுக்க, தூக்குவது குறைந்து முன்னுக்குத் தள்ளுவது மிஞ்சும். ஸ்ட்ராப்பை இறுக்கினால் இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நடக்கிறது என்பது இதனால்தான். நடு ஸ்பிரிங் விரியும் தூரம் குறைகிறது, முன்கையின் சாய்வும் குறைகிறது. ஸ்ட்ராப் அவ்வளவு சக்தி வாய்ந்தது. அதனாலேயே அதைக் கடைசிக்கு வைக்கச் சொல்கிறேன்.

அளவெடுப்பதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள், பழைய வண்டி என்பதால். ஸ்கிக்கு அடியில் இருக்கும் கார்பைடு (பனியைக் கீறிப் பிடிக்கும் கடின உலோக விளிம்பு) தேய்ந்து உருண்டு போயிருந்தால் சஸ்பென்ஷனில் என்ன செய்தாலும் வளைவில் வண்டி நேராகத்தான் போகும். விரல் நகத்தை அதன் விளிம்பில் வைத்து இழுத்துப் பாருங்கள், கூர்மை இருந்தால் சீவும். பழைய சொந்தக்காரர் ட்ராக்கில் ஸ்டட் (ஐஸைப் பிடிக்கும் உலோக முள்) அடித்து வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். பின்னால் நிறைய ஸ்டட், முன்னால் மொட்டைக் கார்பைடு என்றால் பின்பக்கம் பிடித்துத் தள்ளும், முன்பக்கம் வழுக்கும். சஸ்பென்ஷனைக் குறை சொல்லி ஒன்றும் ஆகாது. ஸ்டட் இருந்தால் அதற்கு ஈடு கொடுக்கும் நீளத்தில் கார்பைடு வேண்டும்.

அடுத்தது ஷாக். பின் ஷாக்கில் எண்ணெய் கசிந்த கறை இருக்கிறதா? பம்பரை ஒரு முறை அழுத்தி விட்டால் தடையே இல்லாமல் துள்ளி எழுகிறதா? அப்படியானால் அந்த ஷாக் உயிரோடு இல்லை. அதைப் பிரித்து எண்ணெயும் சீலும் மாற்றி நைட்ரஜன் அடைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஸ்பிரிங் வாங்கும் முன் அதைச் செய்யுங்கள். செத்த ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை முறுக்குவது வீண் வேலை.

கைகள் சுழலும் இடங்களில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். பழைய வண்டிகளில் அங்கே கிரீஸ் போய் வருடக்கணக்காகியிருக்கும். கை இறுகிக்கொண்டால் நீங்கள் எடுக்கும் அளவெல்லாம் பொய். ஒன்டாரியோவின் ஈரப்பனி இதில் இன்னொரு சதி செய்யும். மாலையில் ஸ்கிட்டுக்குள் சேறு போல ஒட்டும் பனி, இரவில் கல்லாக உறைந்து காலையில் கைகளை அசைய விடாது. ஆகவே கராஜுக்குள் வைத்துப் பனி முழுக்கக் கரைந்த பிறகுதான் அளக்க வேண்டும்.

இனி அளவு. இரண்டு பேர் வேண்டும், ஒரு டேப் போதும். பின் பம்பரைப் பிடித்து, சஸ்பென்ஷன் முழுதும் விரியும் வரை, ஆனால் ட்ராக் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி தூக்குங்கள். பம்பரின் ஓர் இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, அங்கிருந்து தரை வரை எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் பாதையில் போகும் அதே உடுப்பு, அதே பூட்ஸோடு ஏறி, இரண்டு மூன்று முறை துள்ளி, வழக்கமாக உட்காரும் இடத்தில் அசையாமல் உட்காருங்கள். முதுகுப்பையோடு போகிறவர் என்றால் அதுவும் முதுகில் இருக்கட்டும். மற்றவர் அதே அடையாளத்திலிருந்து அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பின்பக்கம் அமுங்கும் அளவு.

ஸ்கி-டூவின் டிரெயில் வண்டிக் கையேடுகளில் இது 50 முதல் 75 மில்லிமீட்டர் என்று இருக்கும். 75-ஐத் தாண்டினால் ஸ்பிரிங் தளர்வு, 50-க்குக் கீழே என்றால் கெட்டி. மற்ற நிறுவனங்கள் வேறு எண் கொடுக்கும், அளக்கும் முறையும் கொஞ்சம் மாறும், ஆகவே உங்கள் மாடலின் கையேட்டையே நம்புங்கள். உங்கள் எடையைக் கேட்ட வரையில் 75-ஐ நன்றாகத் தாண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

டார்ஷன் ஸ்பிரிங்கின் முனை உட்காரும் இடத்தில் பல முகம் கொண்ட காம் (திருப்பத் திருப்ப உயரம் மாறும் கட்டை) இருக்கும். பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்துவிட்டு, அதற்கென வண்டியோடு வந்த ஸ்பேனர் சாவியால் திருப்பினால் அடுத்த உயரத்துக்குப் போகும். இரண்டு பக்கமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். பழைய வண்டியில் சாவி தொலைந்திருக்கும், ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பத் தோன்றும். வேண்டாம், அந்த ஸ்பிரிங்கில் அடங்கியிருக்கும் விசை விரலை உடைக்கப் போதும். ஒவ்வொரு நிலைக்கும் திரும்ப ஏறி உட்கார்ந்து அளவு பாருங்கள்.

கடைசி நிலை வரை போயும் 75-க்குள் வரவில்லை என்றால் என்ன செய்வது? உங்கள் விஷயத்தில் அதற்கு வாய்ப்பு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்பிரிங் நடுத்தர எடையுள்ளவரை மனதில் வைத்தது. அதைவிடத் தடித்த கம்பியில் செய்த ஸ்பிரிங் வாங்கிப் போட வேண்டியதுதான். முன்னேற்பாட்டு அழுத்தத்தைக் கூட்டுவதும் கெட்டியான ஸ்பிரிங் போடுவதும் ஒன்றல்ல. காமைத் திருப்பினால் வண்டி நிற்கும் உயரம் கூடும், ஆனால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஸ்பிரிங் கொடுக்கும் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கும். கனத்த ஆள் மென்மையான ஸ்பிரிங்கைக் கடைசி நிலையில் வைத்து ஓட்டினால், நிற்கும்போது உயரம் சரியாக இருக்கும், பெரிய மேட்டில் முழுதும் அமுங்கி அடி தட்டும். ஒரு சோடி ஸ்பிரிங்குக்குச் செலவழிப்பது, என் கருத்தில், இந்த வண்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு.

பின்பக்கம் சரியான உயரத்தில் நின்றதும் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே பிரச்சினை முடிந்துவிடும். முடியவில்லை என்றால் சென்டர் ஸ்பிரிங். அதன் அழுத்தம் சில வண்டிகளில் காமால் மாறும், சிலவற்றில் ஷாக்கின் மேல் உள்ள மரை வளையத்தால். தளர்த்தினால் ஸ்கிக்குப் பாரம் வரும், ஹேண்டில் கனக்கும். ஒரு படியாக, அல்லது வளையமென்றால் ஓரிரு சுற்றாக, குறையுங்கள். ஒரு எல்லை உண்டு. வண்டியைத் தூக்கி ஸ்கிட் முழுதும் விரிந்த நிலையிலும் ஸ்பிரிங் கையால் சுற்றும்படி தளர்ந்து கிடக்கக் கூடாது. அதைவிட முக்கியம், ரொம்பத் தளர்த்தினால் முன்கை மேட்டில் அடி தட்டும். இருக்கையில் வரும் அடியைவிட அது மோசம், ஏனென்றால் கால்மிதி வழியாக முழங்காலுக்கு வரும்.

ஹைஃபாக்ஸ் தேய்மானம் ஒரு துப்பு கொடுக்கும். ரெயிலின் முன்வளைவுப் பகுதியில் மட்டும் வேகமாகத் தேய்ந்திருந்தால் முன்கை அதிகப் பாரம் சுமக்கிறது என்று ஊகிக்கலாம். வெறும் ஐஸ் பாதைகளில் பனியின் ஈரம் கிடைக்காமல் எல்லா இடமும் தேயும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

இப்போது ஸ்ட்ராப். வழக்கமாக ஓட்டைகள் குத்திய நாடா, ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். சில வண்டிகளில் இரண்டு நாடா இருக்கும், இரண்டையும் ஒரே ஓட்டையில் மாட்ட வேண்டும். ஒரு ஓட்டை இறுக்குங்கள், ஓட்டிப் பாருங்கள், அவ்வளவுதான். இரண்டு ஓட்டை ஒரே நேரத்தில் போகாதீர்கள். இறுக்கினால் த்ராட்டில் கொடுத்தும் ஸ்கி தரையில் இருக்கும், வளைவில் கூர்மையாகத் திரும்பும். இதற்கு விலையும் உண்டு. ஹேண்டில் கனக்கும், நாள் முழுக்க ஓட்டினால் தோள் வலிக்கும். முன்கைக்கு விரிய இடம் குறைவதால் பள்ளங்களில் ட்ராக்கின் முன்பகுதி தரையைத் தொடர்ந்து போகாது. நேர்ப்பாதையில் முன்னால் போன வண்டிகளின் கார்பைடு கீறிய தடத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்கி இங்கும் அங்கும் இழுக்கும். பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும், பின்பக்கம் ஆடத் தொடங்கும். இவற்றில் இரண்டு தெரிந்தாலே ஒரு ஓட்டை திரும்பி வாருங்கள்.

ஸ்ட்ராப்பைத் தொட்டால் ட்ராக்கின் இழுவையைக் கட்டாயம் திரும்பப் பார்க்க வேண்டும். முன்கையின் நிலை மாறினால் ட்ராக் சுற்றி வரும் பாதையின் நீளமும் மாறுகிறது. பல ஸ்கி-டூ மாடல்களில் ரெயிலின் நடுவே ட்ராக்கைச் சுமார் 7 கிலோ விசையில் கீழே இழுத்தால் 30 முதல் 35 மில்லிமீட்டர் இடைவெளி வர வேண்டும், உங்களுடையதற்குக் கையேட்டில் பாருங்கள். ரொம்பத் தளர்ந்தால் ட்ராக் பல் தாண்டும், ரொம்ப இறுகினால் வேகம் குறைந்து பேரிங் தேயும். ஸ்டாண்டில் வைத்து ட்ராக்கைச் சுழற்றி நேராக ஓடுகிறதா என்று பார்க்கும்போது வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஸ்டட் ஒன்று கழன்று பறந்தால் துப்பாக்கி வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவே கப்ளிங் என்ற ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. முடுக்கும்போது பின்கை அமுங்குகிறது, முன்கை விரிகிறது, ரெயில் சாய்கிறது. இந்தச் சாய்வு ஓர் அளவைத் தாண்டியதும் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று பூட்டி, ஒன்று அமுங்கினால் மற்றதும் அமுங்க வேண்டும் என்று ஆக்கிவிட்டால், ஸ்கி அதற்கு மேல் தூக்காது. ஸ்கி-டூவில் இதைச் செய்வது கப்ளிங் பிளாக் எனும் சிறு கட்டை. நான்கு பக்கமும் வேறு வேறு தடிப்பு, எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறீர்களோ அதைப் பொறுத்துப் பூட்டும் நேரம் முந்தும், பிந்தும். யமஹாவில் கன்ட்ரோல் ராட், போலாரிஸின் பல ஸ்கிட்களில் சிசர் ஸ்டாப் என்று அதே வேலைக்கு வேறு உருவங்கள். (யமஹா 2025 மாடலோடு வட அமெரிக்காவில் ஸ்னோமொபைல் விற்பனையை முடித்துக்கொள்வதாக 2023-இலேயே அறிவித்துவிட்டது, ஆனால் பழைய வண்டிகள் இன்னும் எத்தனையோ வருடம் ஓடும்.)

உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், கப்ளிங் முடுக்கும்போது மட்டும்தான் வேலைக்கு வருகிறது. சாதாரணமாக ஒரே வேகத்தில் போகும்போது ஹேண்டில் கனமும் சொகுசும் மாறாமல், த்ராட்டில் கொடுத்தால் தூக்குவதை மட்டும் குறைக்க வேண்டும் என்றால் ஸ்ட்ராப்பைவிட இதுவே நல்ல வழி. பின்பக்க உயரம் சரியாகி, சாதாரண வேகத்தில் வளைவு நன்றாக இருந்து, அழுத்தும்போது மட்டும் ஸ்கி எழும்பினால், ஸ்ட்ராப்புக்கு முன் பிளாக்கைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கட்டும், ஒன்று மாறியிருந்தால் பின்கை முறுக்கிக்கொண்டு வளையும்.

ஷாக்கில் கிளிக்கர் (ஷாக்கின் தடையைப் படிப்படியாக மாற்றும் திருகு) இருந்தால் அது எவ்வளவு பாரம் போகிறது என்பதை மாற்றாது, எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதை மாற்றும். பின் ஷாக்கின் அமுங்கும் பக்கத்தை ஓரிரு கிளிக் இறுக்கினால் பின்பக்கம் மெதுவாக அமரும். சென்டர் ஷாக்கின் விரியும் பக்கத்தை இறுக்கினால் முன்கை மெதுவாக விரியும். வளைவிலிருந்து வெளியேறும் அந்த ஒரு நொடியில் இதன் வித்தியாசம் தெரியும். உங்கள் வண்டியில் கிளிக்கர் இல்லாவிட்டால் கவலைப்படாதீர்கள், இது மேல்பூச்சுதான். ஸ்கியின் மேல் உள்ள முன் ஸ்பிரிங்குகளையும் அப்படியே விடுங்கள். அவற்றை இறுக்கினால் ஸ்கிக்குப் பாரம் கூடும் என்பது உண்மை, ஆனால் முன்பக்கம் உயர்ந்து வளைவில் உள்பக்க ஸ்கி எழும்பத் தொடங்கும்.

அப்புறம், கேட்கும் இடத்துக்கு இடம் எதிரெதிரான ஆலோசனை கிடைக்கும். "ஸ்ட்ராப்பைத் தளர்த்து" என்று ஒருவர், "இறுக்கு" என்று ஒருவர். இருவரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு பனியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆழப்பனியில் புறப்படும்போது ஸ்கி லேசாகி, ட்ராக்கின் முன்பகுதி பனியை அழுத்தினால் வண்டி மேலே ஏறி மிதக்கும். கையேடுகள் ஆழப்பனிக்கு நீண்ட ஸ்ட்ராப் சொல்வது இதனால்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் பக்கம் மலையேறுகிறவர் 165 அங்குல ட்ராக்கில் செங்குத்தான சரிவில் நிற்கிறார். அவருக்கு ஸ்கி எழும்பினால் வண்டி பின்னால் கவிழும், அல்லது ட்ராக் ஒரே இடத்தில் குழி தோண்டும். ட்ராக் பனியைச் சந்திக்கும் கோணமும் அவருக்குப் படுத்திருக்க வேண்டும். அவர் இறுக்கச் சொல்வார். அவருடைய ஸ்கிட்டில் கைகள் பூட்டப்படாமல் தனித்தனியே இயங்குவதும் உண்டு, அந்த அமைப்பில் ஸ்ட்ராப்தான் முக்கியக் கடிவாளம். ஐஸ் ஏரியில் நேர்கோட்டுப் பந்தயம் ஓட்டுகிறவருக்கோ திருப்பமே கிடையாது. முடிந்தவரை எல்லாப் பாரமும் ட்ராக்கில் இருக்க வேண்டும், ஸ்கி பனியை உரசிக்கொண்டு போனால் போதும், அதற்கு மேல் தூக்கினால் முன்னுக்குப் போக வேண்டிய சக்தி மேலே போய் வீணாகும். ஆலோசனை சொல்கிறவர் எங்கே ஓட்டுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

நீங்கள் ஓட்டுவது ஒன்டாரியோ கிளப்புகள் இயந்திரம் விட்டுச் சமன் செய்யும் பாதைகளில். அங்கே வேறு வேகம் குறிப்பிடாவிட்டால் மணிக்கு 50 கிலோமீட்டர்தான் சட்டப்படி வேகம். அந்த வேகத்துக்கு ஸ்கி ஒருபோதும் எழும்பக் கூடாது என்று வண்டியைக் கட்டிப்போட வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து முழு த்ராட்டில் கொடுத்தால் ஸ்கி கொஞ்சம் லேசாவது ஆரோக்கியமான வண்டியின் அடையாளம். பாரம் ட்ராக்குக்குப் போகாவிட்டால் ட்ராக் வெறுமனே சுழலும். அரை த்ராட்டிலில் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்கி சொன்ன பக்கம் போகிறதா என்பதுதான் உங்கள் சோதனை.

ஓட்டும் முறையிலும் கொஞ்சம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு த்ராட்டிலை அழுத்தினால் எந்தச் சஸ்பென்ஷனிலும் ஸ்கி லேசாகும். வளைவுக்கு முன்னாலேயே த்ராட்டிலை விட்டால், தேவைப்பட்டால் பிரேக்கை லேசாகத் தொட்டால், பாரம் தானாக முன்னுக்கு வந்து ஸ்கி கடிக்கும். பாதி வளைவு தாண்டியதும் அழுத்துங்கள். இருக்கையில் ஒரு சாண் முன்னுக்கு நகர்ந்து உட்கார்வதும் உதவும். 335 கிலோவில் 105 கிலோ நீங்கள்தான், அதில் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது உங்கள் கையில்.

சோதனைக்கு ஒரே நாளில், ஒரே பாதைத் துண்டில் ஓட்டுங்கள். காலையில் உறைந்து கெட்டியாக இருந்த பாதை மதியம் வண்டிகள் போய் மாவாகியிருக்கும். காலையில் ஒரு நிலையும் மதியம் வேறு நிலையும் ஓட்டிப் பார்த்து ஒப்பிட்டால் பனியைத்தான் ஒப்பிடுகிறீர்கள். வண்டி வந்த நிலையை முதலில் எழுதி வையுங்கள், காம் எந்த முகம், மரை எத்தனை தெரிகிறது, ஸ்ட்ராப் எந்த ஓட்டை என்று. கைபேசியில் படம் எடுத்தால் இன்னும் நல்லது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஓட்டாமலே ஒப்பிட வேண்டுமானால், வீட்டில் எடை பார்க்கும் இரண்டு தராசுகளை ஒவ்வொரு ஸ்கியின் நடுவுக்கும் அடியில் வைத்து, ட்ராக்கின் கீழேயும் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, ஏறி உட்கார்ந்து பாருங்கள். ஓடும்போது என்ன ஆகும் என்று தராசு சொல்லாது, ஆனால் காமை ஒரு நிலை திருப்பியதால் ஸ்கிக்கு எத்தனை கிலோ வந்தது என்று சொல்லும். இடது வலது வித்தியாசம் பெரிதாக இருந்தால் முன் ஸ்பிரிங் ஒன்று சோர்ந்திருக்கிறது, அல்லது ஏதோ வளைந்திருக்கிறது, அதை முதலில் பிடியுங்கள்.

ஆகவே இந்த வாரம் கார்பைடும் ஷாக்கும் பாருங்கள், கிரீஸ் அடியுங்கள், பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து எண்ணை எழுதுங்கள். அந்த எண்ணும், காம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதும், ஸ்ட்ராப்பில் எத்தனை ஓட்டை மிச்சம் என்பதும் தெரிந்தால் தடித்த ஸ்பிரிங் வாங்க வேண்டுமா, பிளாக்கைத் திருப்பினால் போதுமா என்று என்னால் சொல்ல முடியும். ஸ்பிரிங் வாங்கப் போனால் மாடல் வருடத்தையும் ட்ராக் நீளத்தையும் கடையில் சொல்லுங்கள், இடது வலது ஸ்பிரிங் வேறு வேறு, சுற்றும் திசை மாறும், இரண்டையும் சோடியாகவே வாங்குங்கள்.